புரதத்தைப் பற்றும் சிறு தொடர்கள்

உயிரணுவிற்கு வெளியேயிருந்து வரும் கட்டளையை வாங்கி உள்ளே கடத்தும் புரதங்களுள் ஸார்க் என்பது பெயர் பெற்றது. 1911-ல் பெய்டன் ரௌஸ் என்பார் கோழிகளிற் கட்டியை உண்டாக்கும் வைரஸொன்றைக் கண்டறிந்தார். அது சுமந்து சென்றது இப்புரதத்தின் அடக்கமிழந்த வடிவமே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இதன் ஓர் அங்கம் எஸ்.எச்.3 எனப்படும். சுமார் அறுபது அமினோ அமிலங்கள் கோத்த சிறு முடிச்சு அது. புரோலின் மிக்க தொடர்களைப் பற்றுவதே அதன் தொழில்.

அதனிடம் நன்கு பொருந்தும் பெப்டைடு யாது? அமினோ அமிலங்கள் 20. ஆறே கோத்த தொடர்களைக் கணக்கிட்டாலும் 6,40,00,000 ஆகின்றன. ஒவ்வொன்றாகச் செய்து சோதிக்க ஆயுள் போதாது. கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் திரளும் ஜனக்கூட்டத்தில் முகமறியாத ஒருவரைத் தேடுவதை ஒக்கும் இது. ஆயினும் வந்தவர் ஒவ்வொருவரும் தம் பேரும் ஊரும் எழுதிய ஓலையை மடியிற் செருகியிருந்தால், வேண்டியவர் நம் கையைப் பற்றியதும் ஓலையைப் பிரித்துப் படித்துக்கொள்ளலாம் அன்றோ! ஜார்ஜ் ஸ்மித் 1985-ல் அமெரிக்காவில் வெளியிட்ட உபாயம் இத்தகையதே. பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் என்னும் வைரஸின் மேலுறைப் புரதத்திற்குரிய ஜீனில் அந்நியத் துண்டொன்றைச் செருகினால், அதற்கேற்ற பெப்டைடு வைரஸின் மேற்புறத்தில் தோன்றும். ஓலையாகிய ஜீன் உள்ளேயே இருக்கும். கோடிக்கணக்கான பேஜ்களைப் புரதம் பூசிய தட்டில் ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவி, ஒட்டியவற்றைப் பாக்டீரியாவிற் பெருக்கி, மீண்டும் ஊற்றுவர். மூன்று நான்கு சுற்றுக்களில் பதர் நீங்கும். சில தொடர்கள் புரதத்தை விட்டுத் தட்டையே பற்றுவதும் உண்டு. ஆகவே வெறுந்தட்டிலும் சோதித்தல் இன்றியமையாதது. இம்முறைக்காக ஸ்மித் 2018-ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

ஸார்க்கின் எஸ்.எச்.3 அங்கத்திற்கு 1994-ல் இவ்வாறு தேடியபோது அர்ஜினின், புரோலின், லூசின், புரோலின், புரோலின், லூசின், புரோலின் என்னும் வரிசை வெளிப்பட்டது. புரோலின் மிக்க இத்தொடர், சுற்றொன்றுக்கு மூன்று அமிலங்களாக இடப்புறம் முறுக்கிய உருவெடுத்து அங்கத்தின் பள்ளத்திற் படிகின்றது. தமிழ்நாட்டு மாணவர்க்கு இவ்வுரு புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-ல் தோலிலும் நரம்புநாரிலும் உள்ள கொலாஜனுக்கு வகுத்த முப்புரியின் ஒவ்வோரிழையும் ஏறக்குறைய இவ்வுருவினதே.

பற்றுதல் வேறு, அடக்குதல் வேறு என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். ஓய்ந்திருக்கும் ஸார்க்கில் எஸ்.எச்.3 தன் உடலின் இணைப்புத் தொடரையே பற்றிக்கொண்டு நொதியைப் பூட்டி வைக்கிறது. வலிய பெப்டைடொன்று அவ்விடத்தைக் கவர்ந்தால் பூட்டுத் திறந்து, உறங்கும் நொதி விழித்துக்கொள்ளலாம். ஸார்க்கின் இனமாகிய ஹெச்.சி.கே. என்னும் புரதத்தை எய்ட்ஸ் வைரஸின் நெஃப் என்னும் புரதம் இவ்வாறே எழுப்புவது 1997-ல் காட்டப்பட்டது. ஆதலால் தட்டில் வென்ற பெப்டைடை நொதியோடு சேர்த்து, அதன் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று தனியே அளந்து பார்க்கின்றனர்.