இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும்: வளரும் பிள்ளைகளின் வலிமைப் பயிற்சி குறித்து

கர்லாக்கட்டை சுற்றினால் பிள்ளையின் உயரம் நின்றுவிடுமா என்பது பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. முதுநகர்த் துறைமுகப் பக்கத்திலிருந்து வருவோரும் இதைக் கேட்கின்றனர். சிதம்பரத்திலிருந்து வருவோரும் கேட்கின்றனர். பதின்மூன்று, பதினான்கு வயதில் உடலை வலுப்படுத்த வேண்டும் என்னும் ஆசை முளைவிடுவது இயல்பே. சிலம்பக் கூடத்துக்குச் செல்லும் பிள்ளை கர்லாவையும், கராத்தே வகுப்புக்குச் செல்லும் பிள்ளை ஜப்பானியப் பயிற்சிகளையும் வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். பாட்டி தடுக்கிறார்; தந்தை ஊக்குவிக்கிறார்; தாய் எங்களிடம் வருகிறார்.

உயரம் நின்றுவிடாது. தக்க ஆசானின் மேற்பார்வையில், வயதுக்கேற்ற எடையுடன் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 60 நிமிடமேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்ய வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

ஆயினும் பாட்டியின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. நீண்ட எலும்புகளின் நுனிக்கு அருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 முதல் 16 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 16 முதல் 18 வயதிலும் அது எலும்பாக இறுகி மூடிக்கொள்கிறது. அதுவரை எலும்பின் மிக மென்மையான இடம் அதுவே. அங்கே பலத்த அடிபட்டால் அக்கை அல்லது காலின் வளர்ச்சி கோணலாகலாம். ஆனால் அத்தகைய அடி முறையான பயிற்சியால் நேர்வது அரிது. தூக்க இயலாததைத் தூக்க முயன்று கைநழுவ விடுவதாலும், ஆசான் இல்லாத நேரத்தில் நண்பர்களோடு பந்தயம் கட்டுவதாலும் நேர்கிறது.

இங்கே பயிற்சி வேறு, சோதனை வேறு என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றோர் உருண்டைக் கல் கிடக்கும். அதனைத் தோளுக்கு ஏற்றிப் பின்புறம் எறிபவனுக்கே பெண் கொடுப்பர் என்பது பழைய வழக்கு. கல்யாணக்கல் என்ற பெயரும் அதனால் வந்தது. நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. பொங்கல் நாளில் இன்றும் போட்டி நடைபெறுகிறது. ஜப்பானிலும் கோயில் வளாகங்களில் இதே போன்ற கற்கள் கிடக்கின்றன. ‘சிகரா இஷி’ என்பர், வலிமைக் கல் என்று பொருள். கடல் கடந்த இரு நாட்டாரும் ஒரே வகைக் கல்லைக் கொண்டு தம் இளைஞரை அளந்தது வியப்புக்குரியது. ஆனால் இரண்டுமே வளர்ந்து முடித்த ஆடவனின் வலிமையை அளக்கும் கற்கள். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இவை பயிற்சிக் கருவிகள் ஆகா.

கர்லாக்கட்டையோ பயிற்சிக்கென்றே அமைந்தது. கைப்பிடி மெலிந்து, அடி பருத்த மரக்கட்டை. எடை பிடியிலிருந்து விலகி நிற்பதால், சிறிய கட்டையும் தோள், முன்கை, முதுகு, இடுப்பு அனைத்தையும் ஒருசேர வேலை வாங்கும். இவ்வகைக் கட்டையை இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் கராத்தே பயில்வோர் கையாளும் ‘சி இஷி’ இதற்கு உறவினன் எனலாம்: கழியின் ஒரு முனையில் கல், மறுமுனையில் கை. அங்கே மற்றொரு கருவியும் உண்டு. வாய் குறுகிய ஜாடியை விளிம்பில் விரல்களால் பற்றித் தூக்கி நடப்பர். விரல் வலுக்கூட, உள்ளே சிறிது சிறிதாக மணல் சேர்ப்பர். எடையை எவ்வாறு கூட்டுவது என்று எவரேனும் எங்களைக் கேட்டால் அந்த ஜாடியையே சுட்டுவோம். ஒரே எடையில் பத்துப் பதினைந்து முறை தடுமாற்றமின்றிச் செய்ய முடிந்த பின்னரே, அவ்வெடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கூட்டலாம்.

பழைய முறை என்பதாலேயே அனைத்தும் நல்லதாகிவிடாது. இதையும் ஜப்பானியரே உணர்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிகளுக்குக் கராத்தேயைக் கொண்டுசென்ற இத்தோசு அங்க்கோ, மாணவருக்கெனச் சற்று எளிய ஐந்து பயிற்சித் தொடர்களை வகுத்தார். பிற்காலத்தில் பள்ளி விளையாட்டுக் குழுக்களில் ‘முயல் தாவல்’ பரவலாயிற்று: குந்தியவாறே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் துள்ளிச் செல்வது. முழங்கால் கேடுற்றதாலும், கீழ்க்காலின் வெளிப்புற மெல்லெலும்பில் விரிசல் கண்டதாலும் அது கைவிடப்பட்டது.

நம்மிடையே அதற்கு நிகரானது நூற்றுக்கணக்கில் போடப்படும் பஸ்கியும் தோப்புக்கரணமும். பத்து இருபது போடுவது நற்பயிற்சி. பழக்கமில்லாத பிள்ளை, தண்டனையாகவோ பந்தயமாகவோ, வெயிலில், நீர் அருந்தாமல் முந்நூறு ஐந்நூறு போட்டால் தொடைத் தசைநார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள நிறப்புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அன்றே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் தொடை வீங்கிக் கல்லாகும், படியிறங்க முடியாது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். ‘உடற்பயிற்சி வலி, உருவிவிட்டால் சரியாகும்’ என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பதும், கடையில் வலிமாத்திரை வாங்கிக் கொடுப்பதும் இங்கே பெருந்தீங்கு. அவ்வலிமாத்திரைகளுள் பல சிறுநீரகத்தை மேலும் வருத்தும். நிறம் மாறிய சிறுநீரைக் கண்ட அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தொடக்கத்தில் வந்தால் பெரும்பாலும் நரம்புவழித் திரவமே போதும். காலந்தாழ்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். டயாலிசிஸ் தேவைப்படவும் கூடும். தோப்புக்கரணத்தைத் தண்டனையாக விதிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இவ்விதழைக் காண நேர்ந்தால், இப்பத்தியை மட்டுமேனும் படிக்க வேண்டுகிறோம்.

வலிமைப் பயிற்சி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. சிதம்பரம் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்ட கரணங்களைக் கண்டோர் அறிவர், மடங்கிய முழங்காலில் எத்துணை உரம் நிற்கிறது என்பதை. பரதம் பயிலும் சிறுமியின் அரைமண்டியும், சுமோ மல்லரின் கால் விரித்த குந்தலும் தொடைக்கும் இடுப்புக்கும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருவன. பெண்பிள்ளை விரைவில் களைத்து மூச்சு வாங்கினால் சோம்பல் என்று கடியாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. முதலில் இரத்தப் பரிசோதனை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்பதையும் கேளுங்கள்.

சிலர் தொடங்குமுன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்த பிள்ளை, ஓடும்போது நெஞ்சுவலி கண்ட பிள்ளை, இளவயதில் திடீரென இறந்த உறவினரை உடைய பிள்ளை ஆகியோருக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்து வெயிலில் நின்றபோது தலைசுற்றுவது வேறு. பயிற்சியின் உச்சத்தில் சுருண்டு விழுவது வேறு. பின்னது இதயத்தின் குரலாக இருக்கலாம். வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோர், குடலிறக்க அறுவை செய்துகொண்டோர், வலிப்புக்கு மருந்துண்போர், இன்சுலின் போடுவோர் ஆகியோருக்குப் பயிற்சி மறுக்கப்படுவதில்லை. அளவும் நேரமும் மட்டும் தனியே வகுக்கப்படும். இன்சுலின் போடும் பிள்ளை, எடுத்த எடுப்பில் வெறும் வயிற்றில் கட்டை சுற்றக் கூடாது. சட்டைப்பையில் சர்க்கரை இருக்க வேண்டும்.

மற்றவர் காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை வெயில் தணிந்த பின்போ பயிலலாம். முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். எடையை உயர்த்தும்போது மூச்சை வெளிவிடுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். அடுத்தடுத்த நாள்களில் ஒரே தசைக்கு வேலை தராதீர்கள். விலையுயர்ந்த புரத மாவு டப்பாவைக் காட்டி ‘வாங்கலாமா’ என்பாரிடம் நாங்கள் கேட்பது, மத்தி மீன் வாங்குகிறீர்களா, முட்டை உண்டா, மாலையில் சுண்டல் உண்டா என்பதே. மருத்துவரைக் காண வரும்போது பிள்ளை வீட்டில் சுற்றும் கட்டையையும் கொண்டு வாருங்கள். பலர் அதன் எடையைக் குறைத்தே சொல்கின்றனர். தராசு எங்களிடம் உள்ளது.