மழை இரவும் மனப் பயமும்

ஊர் திரும்பியாயிற்று. கூரைத் தகரம் மாற்றியாயிற்று. பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் இரவில் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. தூக்கம் போய்விடுகிறது. பகலில் மலைக்குப் போனாலும் கை கொழுந்தில், கண் மேலே மண்மேட்டில். "எனக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று பலர் எங்களிடம் சொல்கிறார்கள்.

இது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தை மண் மூடியதும் அந்த நாட்களில்தான். மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி, களவான பக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். இவ்வளவும் பார்த்த, கேட்ட உடம்பு மழைச் சத்தத்தையே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது.

"பயப்படாதே" என்று சொல்வதில் பயன் இல்லை. மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பயத்தை விரட்டுவதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது. லயத்துக்கு ஒரு மழைமானி போதும். அது இல்லாவிட்டால், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு தகர டின்னை மரநிழல் படாத வெளியில் வைத்து, அடிமட்டத்தால் தண்ணீரை அளக்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பார்க்கும் மழை அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம், இறுகிப்போன கதவு ஆகியவற்றைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

கன மழை இரவில் முறை வைத்து இரண்டு பேர் விழித்திருக்கட்டும். அவர்கள் விழித்திருப்பதால் மற்ற வீடுகள் தூங்கலாம். இந்த முறையில் அம்மாமாரையும் தூங்க விடுங்கள். விடியற்காலையில் சமைத்து, பெரட்டுக்குப் போய், கொழுந்து கிள்ளி, பிறகு இரவு முழுக்கக் காவலும் அவர்களேதான் என்றால் யாருக்கும் தாங்காது.

தூக்கம் வரவேண்டும் என்று சாராயம் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது முதலில் தூங்க வைக்கும், நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். மறுநாள் படபடப்பு இன்னும் கூடும். அதைவிட, எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும் காலையில் வழக்கமான நேரத்தில் எழும்பி, சாயத்தண்ணியோடு ரொட்டித் துண்டாவது சாப்பிட்டு வேலையைத் தொடங்குவது உதவும்.

புது வீட்டுக்குப் போனவர்களுக்கு இன்னொன்று. லயத்தில் இந்தக் காம்பராவில் இருமினால் அந்தக் காம்பராவில் கேட்கும். அதை நாம் குறையாகவே சொல்லி வந்தோம். 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்த பிறகுதான், பக்கத்தில் ஆள் இருப்பது எவ்வளவு தைரியம் என்று தெரிகிறது. அதனால் பின்னேரம் அரை மணித்தியாலம் யாராவது ஒருவர் வாசலில் கூடி உட்காருங்கள். நடந்ததைப் பற்றியே பேச வேண்டும் என்றில்லை. பேச விரும்பாதவரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் இதையே சொல்கிறது. ஆள் பேசத் தொடங்கினால் கேளுங்கள். "என் கஷ்டத்தைவிட உன் கஷ்டம் பெரிதா" என்று மட்டும் ஒப்பிடாதீர்கள்.

பிள்ளைகள் மண்ணைக் குவித்து, சரித்து, வீடு மூடுவது போல விளையாடுவார்கள். பார்க்க நமக்குத்தான் கஷ்டம். விடுங்கள், அவர்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள். படுக்கையில் ஒன்றுக்குப் போனால் ஏசவோ அடிக்கவோ வேண்டாம். "இனி மலை சரியாது" என்று பொய் சொல்லாமல், "பெரிய மழை வந்தால் கோயில் பக்கம் போவோம், பையை அண்ணா தூக்குவான்" என்பது போல உங்கள் வீட்டுத் திட்டத்தைச் சொல்லுங்கள். பாதுகாப்பான இடம் எது என்று கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு வெயில் நாளில் பிள்ளைகளோடு அங்கே நடந்து பாருங்கள்.

பெரும்பாலானோருக்கு வாரங்கள் போகப் போக இது தணியும். ஒரு மாதம் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடுகிறது என்றால் தோட்ட வைத்தியசாலையிலோ குடும்பநல மாதுவிடமோ சொல்லுங்கள். இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு, அரசாங்க மருந்துக்குக் காசு இல்லை. ஒரு நாள் பேர் போய்விடுமே என்று தள்ளிப்போடுகிறவர்கள் பலர். நோய் முற்றினால் போவது ஒரு பேர் அல்ல.

யாராவது "செத்தாலே நல்லது" என்று சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள களைக்கொல்லி, பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, 1926க்கு அழையுங்கள். இது தேசிய மனநல உதவி இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, மண்சரிவு பற்றி அறிவிக்க 117.