ஒரே கோட்டை இருமுறை வெட்டலாமா?

மாணவர்களே! தாளில் ஒரு கோடு வரையுங்கள். அதன் மேலேயே மீண்டும் ஒரு கோடு வரையுங்கள். கண்ணுக்கு ஒரு கோடுதான் தெரியும். ஆனால் கணிப்பொறியில் இப்படி வரைந்து லேசர் வெட்டும் எந்திரத்திற்கு அனுப்பினால், அது இருமுறை வெட்டும். கோடுகளின் பட்டியலை வரிசையாகப் படித்து வெட்டுவதே அதன் வேலை.

மரப்பலகை, அக்ரிலிக் தகடு ஆகியவற்றை வெட்டப் பெரும்பாலும் கார்பன்-டை-ஆக்சைடு லேசர் பயன்படுகிறது. இதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர், இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். இதன் அகச்சிவப்புக் கதிரை மரம் நன்கு உட்கவர்ந்து சூடேறுகிறது. கதிர் பட்ட இடம் ஆவியாகி வெட்டு விழுகிறது. வெட்டிய இடத்திலேயே கதிர் மறுபடி சென்றால் விளிம்பு கருகும், வெட்டு அகலமாகும், தீப்பற்றவும் கூடும்.

இரட்டைக் கோடுகள் எப்படி வருகின்றன? 2 செ.மீ. பக்கமுள்ள 100 சதுரங்களை வரிசைக்குப் பத்தாக ஒட்டி அடுக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைந்தால் 400 பக்கங்கள். ஆனால் அடுத்தடுத்த சதுரங்களுக்குப் பக்கம் பொது. ஆகவே தேவையானவை:

கிடைப் பக்கங்கள் 11 × 10 = 110
நெடும் பக்கங்கள் 11 × 10 = 110
மொத்தம் 220

மிகையானவை 180! நொடிக்கு 1 செ.மீ. வெட்டும் எந்திரத்திற்கு 800 நொடிகளுக்குப் பதில் 440 நொடிகள் போதும். 6 நிமிடம் மிச்சம்.

இவற்றைக் கணிப்பொறி எவ்வாறு நீக்குகிறது?

1. ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளின் ஆயத்தொலைவுகளையும் ஒப்பிடும். (2,0)-லிருந்து (2,2) வரை செல்வதும், (2,2)-லிருந்து (2,0) வரை செல்வதும் ஒரே கோடுதான். எனவே முனைகளை முதலில் ஒரே ஒழுங்கில் எழுதிக்கொள்ளும்.

2. முனைகள் மயிரிழை விலகியிருக்கலாம். ஆகையால் 0.05 மி.மீ. போன்ற சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்தாது.

3. ஒரே நேர்கோட்டில் 0 முதல் 6 வரை ஒரு துண்டும், 4 முதல் 10 வரை மற்றொன்றும் இருந்தால், 0 முதல் 10 வரை ஒரே துண்டாக்கும்.

ஓர் எச்சரிக்கை: ஒரு கோடு வெட்டுவதற்கும், அதன்மேல் உள்ளது மேலோட்டமாகக் கீறுவதற்கும் இருக்கலாம். பயன் வேறானால் எதை நீக்குவது என்பதை நாமே முடிவு செய்யவேண்டும்.

செய்து பாருங்கள்: ஓர் ஒழுங்கு அறுகோணத்தைச் சுற்றி ஆறு அறுகோணங்களை ஒட்டி வரையுங்கள். மொத்தம் 42 பக்கங்கள். வெட்டவேண்டியவை எத்தனை? (விடை: 30)