வீட்டுத் தோட்டத்தில் இளவேனில்: வளர்ச்சியும் தளர்ச்சியும்

முன்னுரை

மாசியும் பங்குனியும் கழிந்து சித்திரை பிறக்கும்போது வேம்பு பூத்துக் குலுங்குகிறது. மாமரத்தில் வடு தொங்குகிறது. புங்கமரம் புதுத் தளிருடன் பளபளக்கிறது. சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். மேல்நாடுகளில் வசந்தம் என்பது பனி உருகி மண் இளகும் காலம். நம் தமிழ்நாட்டிலோ அது வெயில் ஏறும் காலம். ஆகவே அந்நாட்டு நூல்கள் வசந்தத் தோட்டத்தைப் பற்றிக் கூறுவன நமக்கு அப்படியே பொருந்தா.

ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம்மில் பலர் வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ விதை ஊன்றுகிறோம். ஜூன் திங்களில் பள்ளி திறக்கும்போது சிலர் தாம் பறித்த வெண்டைக்காயைப் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். பலர், "எல்லாம் வீணாகப் போயிற்று" என்று சலித்துக்கொள்கிறோம். அவ்வாறு சலித்துக்கொள்பவர்களில் ஒரு பகுதியினர் மறு ஆண்டு விதை போடுவதே இல்லை. மற்றொரு பகுதியினர் கடைக்குச் சென்று நச்சு மருந்து வாங்கித் தெளிக்கின்றனர். நேற்றுத் தெளித்த கீரை இன்று நம் வீட்டுக் குழந்தையின் தட்டில் பரிமாறப்படுகிறது. எனவே தோட்டத்தில் நேரும் தளர்ச்சியைச் சரியாகப் புரிந்துகொள்வது பொழுதுபோக்குக் காரியமன்று. அது நம் குடும்பத்தின் உடல்நலத்தைச் சார்ந்தது.

தளர்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தைக் கண்டறிந்தால் நாம் செய்ய வேண்டியது மூன்றில் ஒன்றாக இருக்கும்: காத்திருத்தல், கைகொடுத்தல், அகற்றுதல். இம்மூன்றையும் முறையாகக் காண்போம்.

இளவேனில் தரும் வளர்ச்சி

வெயிலை விரும்பும் பயிர்கள் பல உண்டு. வெண்டை, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி, தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவை அவற்றுட் சில. வெண்டை விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். ஏறத்தாழ 40 நாட்களில் பூக்கும். 50 நாட்களுக்குள் முதற்காய் பறிக்கலாம். முளைக்கீரையோ 25 நாட்களில் சமையலறைக்கு வந்துவிடும். ஆகவே ஒரு விடுமுறைக் காலத்திற்குள்ளேயே விதையிலிருந்து விளைவு வரை நாம் கண்ணாரக் காணலாம். கீரை விதையை எறும்பு இழுத்துச் செல்லாமல் இருக்க, விதையோடு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்த்தி, பூவாளியால் நீர் தெளிப்பது நம் பாட்டிமார் கையாண்ட முறை.

காத்திருக்க வேண்டியவை

தோட்டத்தில் நாம் இழப்பு என்று எண்ணுவனவற்றுள் பல இழப்பே அல்ல.

பூசணிக்கொடி முதலில் பூக்கும் பூக்கள் யாவும் உதிர்ந்து விடுவதைக் கண்டு பலர் மனம் தளர்கின்றனர். ஆனால் அவை பெரும்பாலும் ஆண்பூக்களே. பூசணி, பாகல், சுரை, பீர்க்கு முதலிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். ஆண்பூக்கள் முன்னதாகத் தோன்றும். பெண்பூக்கள் சில நாட்கள் கழித்தே வரும். பெண்பூவை அறிவது எளிது. இதழ்களுக்குக் கீழே சின்னஞ்சிறு பிஞ்சு போன்ற சூலகம் காணப்படும். ஆண்பூவுக்கு வெறும் காம்பு மட்டுமே உண்டு.

உச்சிப் பொழுதில் பூசணி இலைகள் துவண்டு தொங்குவதும் இத்தகையதே. இலைகள் ஆவியாக வெளிவிடும் நீரின் அளவுக்கு வேர்களால் அப்போது நீரை உறிஞ்ச இயலுவதில்லை. மாலையில் இலைகள் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால்தான் ஆராய வேண்டும். அப்போதும் விரலை 2 அங்குல ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகியிருக்கலாம். மேலும் ஊற்றும் நீர் தீங்கையே பெருக்கும்.

தக்காளிப் பூக்கள் உதிர்வதற்கு வெப்பமே காரணம். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் மகரந்தம் நன்கு செயல்படுவதில்லை, பூ காயாவதில்லை. செடிக்கு நண்பகலில் சற்று நிழல் தந்து உயிருடன் காத்தால், வெப்பம் தணிந்தபின் மீண்டும் காய்க்கக் கூடும். பந்தலில் ஏறும் நாட்டு அவரையோ சித்திரையில் கொடியும் இலையுமாகச் செழித்து நிற்கும். ஒரு பூவும் பூக்காது. அது நோயன்று. இரவு நீண்டு பகல் குறுகும் காலத்தில்தான் அதற்குப் பூக்கும் பருவம். ஆடிப் பட்டத்தில் அவரையை விதைத்து, மார்கழி, தை மாதங்களில் காய் பறிக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே.

கைகொடுக்க வேண்டியவை

இனி, நம் உதவியை நாடி நிற்கும் தளர்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, வெயில். தொட்டியிலும் பாத்தியிலும் காய்ந்த இலை, வைக்கோல், தென்னைநார் ஆகியவற்றை 2 அங்குல உயரம் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். இதனை மூடாக்கு என்பர். காலையில் வெயில் ஏறுமுன் வேரடியில் நீர் ஊற்றுவது நலம். ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் நீர் பாய்ச்சினால், சுண்ணாம்புச் சத்து தக்காளிக் காயின் நுனிவரை சென்று சேராது. காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆவதற்கு இது முக்கிய காரணம்.

இரண்டாவது, மகரந்தச் சேர்க்கை. பெண்பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பிவிட்டால், அங்கே தேனீக்கள் வரவில்லை என்று ஊகிக்கலாம். மாடித் தோட்டங்களில் இது மிகுதி. பூசணிப்பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடும். ஆகவே காலையிலேயே ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. அவற்றுக்கு அந்தி நேரமே ஏற்றது.

மூன்றாவது, பூச்சி. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனின் வேலை; கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியின் வேலை. ஒரே நோய் போலத் தோன்றினாலும் காரணம் வேறு. பாகற்பிஞ்சில் பழ ஈ துளையிட்டு முட்டையிடுகிறது; அதனால் பிஞ்சு கோணலாகி அழுகும். பிஞ்சு விரல் பருமன் ஆகுமுன்பே காகித உறையோ துணிப்பையோ மாட்டிவிட்டால் ஈ அணுகாது. புழு விழுந்த காய்களைச் செடியடியிலேயே விட்டுவிட்டால் புழுக்கள் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈக்களாக எழும். எனவே அவற்றைப் பொறுக்கி அழிக்க வேண்டும்.

கறிவேப்பிலைத் தளிரில் பறவையின் எச்சம் போன்று ஒட்டியிருப்பதைக் கூர்ந்து நோக்கினால் அது ஒரு சிறு புழு என்பது விளங்கும். வளர்ந்தபின் பச்சை நிறம் பெற்று, கூட்டுப்புழுவாகி, அழகிய வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துவிடும். சிறு கன்றானால் புழுவைக் கையால் எடுத்துவிடலாம். பெரிய மரமானால் நான்கு கொத்து இலையை அதற்கு விட்டுக்கொடுப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அகற்ற வேண்டியவை

பொறுமை நற்பண்பே, ஆயினும் எல்லா இடத்திலும் அதுவே விடையாகாது. வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால், அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இது வைரஸ் கிருமியால் உண்டாவது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குப் பரப்புகிறது. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. இன்னும் இரண்டு காய் கிடைக்குமே என்று இரங்கி அதனை விட்டுவைத்தால் பாத்தி முழுவதும் பாழாகும். ஆகவே அதனை உடனே வேருடன் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். மஞ்சள் வண்ண அட்டையில் எண்ணெய் பூசிச் செடிகளின் நடுவே தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை, இந்நோயைத் தாங்கும் இரக விதையைத் தேர்ந்து ஊன்றுவது அறிவுடைமை.

நஞ்சு தெளிக்குமுன்

பூச்சியைக் கண்டவுடன் நஞ்சை நாடுவது ஏன் தவறு என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2008 ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சி விரைவில் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி முதலியவற்றிலும் பரவியது. அதன் உடலை மூடிய மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. தெளித்த நஞ்சு, பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளையே கொன்றது. பின்னர் 2010 ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அசெரோபாகஸ் பப்பாயே என்னும் குளவி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் அதனைப் பெருக்கி வயல்களில் விட்டன. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, வெளிவரும் குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். நஞ்சினால் ஆகாத காரியத்தை இச்சிறு குளவி செய்து முடித்தது.

மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய மருந்தைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்துவதை நம் நாட்டு அரசு 2005 ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. வீட்டுத் தோட்டத்திற்கு வேம்பே போதும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பூக்களில் தேனீ வந்தமரும் வேளையில் இதனையும் தெளிக்கலாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்தார். அவ்வில்லத்தில் தேனீக்கும் ஒரு மூலை உண்டு அன்றோ?

குறிப்பேடு எழுதுவோம்

காரணம் அறிய வேண்டுமானால் கண்டதை எழுதிவைக்க வேண்டும். இதற்குச் சிறந்த முன்மாதிரி, அகுஸ்தினார் சபைத் துறவியான கிரகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசிலுள்ள புருனோ நகரின் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை அவர் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றின் இயல்பையும் எண்ணிக் குறித்தார். பட்டாணியைத் துளைக்கும் வண்டு தம் ஆய்வுக்கு ஊறு விளைவிக்கக் கூடும் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1866 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையை அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை. அடுத்து அவர் ஹாக்வீட் என்னும் பூச்செடியை ஆராய்ந்தபோது பட்டாணியில் கண்ட விதிகள் அதில் பொருந்தவில்லை. அச்செடி மகரந்தச் சேர்க்கையின்றியே விதை பிடிக்கும் இயல்புடையது என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. மெண்டல் 1884 ஆம் ஆண்டு இறந்தார்; 1900 ஆம் ஆண்டில் உலகம் அவர் பெருமையை உணர்ந்தது. அவர் எழுதிவைத்ததனால் அல்லவா அது நிலைத்தது?

நாமும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒருமுறை இவற்றைக் குறிக்கலாம்:

1. விதைத்த நாள், முளைத்த நாள், முதற்பூ பூத்த நாள்.
2. ஒரு கொடியில் ஆண்பூ எத்தனை, பெண்பூ எத்தனை?
3. தளர்ந்த செடி எது? இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டு, மண் ஆகியவற்றில் கண்டது என்ன?
4. நாம் செய்தது காத்திருத்தலா, கைகொடுத்தலா, அகற்றுதலா? ஒரு வாரம் கழித்து விளைந்தது என்ன?

முடிவுரை

லூக்கா நற்செய்தி 13 ஆம் அதிகாரத்தில் கனி கொடாத அத்திமரத்தின் உவமையை இயேசு பெருமான் கூறுகிறார். மூன்று ஆண்டுகளாகக் கனி காணாத உரிமையாளர் அதனை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். அவர் வெறுமனே காத்திருப்பதாகக் கூறவில்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுவதாக வாக்களிக்கிறார். அப்போதும் கனி தராவிட்டால் வெட்டிவிடலாம் என்றும் இசைகிறார். காத்திருத்தல், கைகொடுத்தல், அகற்றுதல் ஆகிய மூன்றும் அவர் பேச்சில் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

வரும் விடுமுறையில் ஒரு தொட்டியிலாவது வெண்டை விதை ஊன்றுவோம். அது வாடினால் கடைக்கு ஓடுமுன் அதன் இலையைத் திருப்பிப் பார்ப்போம். ஏன் என்று கேட்கக் கற்றுக்கொண்டால், காய்க்காத செடியும் நமக்கு ஒரு பாடத்தைத் தந்தே செல்லும்.