கோப்பு வளரலாம், மெமரி வளரக் கூடாது

ஹைதராபாத்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்கேன் செய்த புத்தகங்களைச் சர்வருக்கு ஏற்றும் உன் புரோகிராம் சின்னக் கோப்புகளை மளமளவென்று அனுப்புகிறது, ஒரு ஜிபியைத் தாண்டினால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று விழுந்துவிடுகிறது, 8 ஜிபி ரேமை 16 ஆக்கித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறாய். கேட்காதே. முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்.

கணக்குக்கான அளவு பக்கத்திலேயே கிடைக்கும்: நீ இருக்கும் கச்சிபௌலியிலேயே ஐஐஐடி இருக்கிறது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ராஜ் ரெட்டி முன்னின்று நடத்திய பத்து லட்சம் புத்தகத் திட்டத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து பங்கெடுத்த நிறுவனம் அது. அந்தத் திட்டத்தில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் பக்கங்களைப் பிடித்தார்கள். அந்த அளவில் ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள். அகலத்தில் 4961 புள்ளி, உயரத்தில் 7016 புள்ளி, மொத்தம் சுமார் 3 கோடியே 48 லட்சம். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதும். பக்கம் நாலரை எம்பிக்குள் அடங்கிவிடும். நீ பிடிப்பது வண்ணத்தில். புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 104 எம்பி. 300 பக்கப் புத்தகத்தை ஒரே தொகுப்பாகக் கட்டினால் 31 ஜிபி. உனக்கு 16 ஜிபி ரேம் கிடைத்தாலும் புத்தகத்தில் பாதிதான் உள்ளே போகும்.

ஆகவே மெமரி போதுமா என்று கேட்பதை விட்டுவிடு. இவ்வளவு மெமரி ஏன் தேவைப்படுகிறது என்று கேள். கோப்பு டிஸ்கில் இருக்கிறது, போக வேண்டிய இடம் நெட்வொர்க். நடுவில் ரேமுக்கு உள்ள வேலை, கொஞ்சம் வாங்கி அதையே கைமாற்றிவிடுவது. பேகம் பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் ஒவ்வொன்றாகத்தான் தோளில் ஏற்றுகிறார். லாரி பெரிது என்பதற்காக அவர் தோள் அகலமாக வேண்டியதில்லை. 64 கேபி அளவில் ஒரு பஃபர் வைத்து, படி, அனுப்பு, மறுபடி அதே பஃபரில் படி என்று சுழன்றால் அந்த 31 ஜிபியும் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் சுற்றில் போய்ச் சேரும். மெமரி 64 கேபியிலேயே நிற்கும்.

"அப்படித்தானே எழுதியிருக்கிறேன்" என்று நீ சொல்லக்கூடும். இருக்கலாம். உன் சுழற்சி சரியாக இருந்தும், அதற்குக் கீழே இருக்கும் லைப்ரரி நீ கொடுத்ததையெல்லாம் சத்தமில்லாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கலாம். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலும், ஜாவாவில் வழக்கமாகப் பயன்படும் எச்டிடிபி இணைப்பு வகுப்பிலும் நாமாக வேண்டாம் என்று சொல்லாதவரை இதுதான் நடக்கும். கடைசி பைட் வரை மெமரியில் குவித்த பிறகே அனுப்பத் தொடங்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸில் கோப்பைத் திறந்து அப்படியே வேண்டுகோளின் உடலாகக் கொடுத்தால் துண்டு துண்டாகப் போகும். அதே கோப்பை ஃபார்ம் இணைப்பாகக் கொடுத்தால் முழுவதையும் படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே வரிதான்.

இப்படிச் சேர்த்து வைப்பதை முட்டாள்தனம் என்று நினைக்காதே. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எச்டிடிபியில் உடலுக்கு முன்னால் தலைப்பு போகிறது. உடலின் நீளத்தை அதில் எழுத வேண்டும். முழுவதையும் சேர்த்தால்தானே நீளம் தெரியும் என்று லைப்ரரி நினைக்கிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் அனுப்பி முடித்தபின் சர்வர் "நீ யார்?" என்று 401 போடலாம், அல்லது 307 போட்டு வேறு முகவரிக்குத் திருப்பிவிடலாம். மறுபடி முதலிலிருந்து அனுப்ப ஒரு பிரதி கையில் வேண்டும்.

இரண்டுக்கும் பதில் உன்னிடம் இருக்கிறது. கோப்பின் நீளத்தை டிஸ்கே சொல்லும். அதைத் தலைப்பில் நீயே எழுதிவிடு. நீளம் முன்கூட்டித் தெரியாத இடத்தில், எடுத்துக்காட்டாகப் போகிற போக்கில் ஜிப் செய்து அனுப்பும்போது, 1997இல் வந்த எச்டிடிபி 1.1 துண்டு துண்டாக அனுப்பும் முறையைத் தந்திருக்கிறது: ஒவ்வொரு துண்டின் முன்னும் அதன் நீளம், முடிவில் ஒரு பூஜ்யம். மறுபடி அனுப்ப வேண்டி வந்தால் டிஸ்கில் கோப்பு அப்படியே இருக்கிறது, திரும்பத் திறந்து படி. இன்னும் நல்லது, தலைப்பை மட்டும் அனுப்பி "உடலை அனுப்பலாமா?" என்று கேட்டு, சர்வர் 100 என்று சொன்னபின் தொடங்குவது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 31 ஜிபி போக நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனையும் போன பிறகு 401 வாங்குவதைவிட இது மேல்.

குவித்து வைப்பது கோப்பின் அளவோடு முடிவதில்லை. வளரும் பஃபர் இடம் போதாதபோது தன் அளவை இரட்டிப்பாக்கும். 512 எம்பியிலிருந்து 1 ஜிபிக்குத் தாவும் அந்தக் கணத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து ஒன்றரை ஜிபி பிடிக்கும், அதுவும் ஒவ்வொன்றும் தொடர்ச்சியான இடமாக. மொத்த இடம் இருந்தும் தொடர்ச்சியான இடம் இல்லாமல் விழுவது இப்படித்தான். கோப்பை பேஸ்64 ஆக்கி ஜேசனில் திணிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடு. மூன்று பைட் நான்காகும், அதன் மேல் சரமாக ஒரு பிரதி, ஜேசனாக இன்னொரு பிரதி.

மெமரி நிரம்ப இன்னொரு காரணம் வேக வித்தியாசம். டிஸ்க் நொடிக்குச் சில நூறு எம்பி படிக்கும். உன் இணைப்பு நொடிக்குப் பன்னிரண்டரை எம்பிதான் அனுப்பும். அனுப்பி முடியும்வரை காத்திருக்காமல் படித்துப் படித்துத் தள்ளினால், மிச்சம் வரிசையாக ரேமில்தான் நிற்கும். நோட் ஜேஎஸ்ஸில் எழுதும் சார்பு 'பொய்' என்று திருப்பிக் கொடுத்தால் "நிறுத்து, வரிசை நிறைந்துவிட்டது" என்று பொருள். அதைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

சர்வர் பக்கமும் பார். பிஎச்பி தானாகவே வந்த கோப்பைத் தற்காலிகக் கோப்பாக டிஸ்கில் எழுதிவிடும். அதை வேறிடத்துக்கு நகர்த்தினால் போதும். முழுவதையும் சரமாகப் படிக்கும் வரி ஒன்றை யாராவது எழுதியிருந்தால் பிஎச்பியின் வழக்கமான 128 எம்பி மெமரி வரம்பு உடைந்துவிடும். வரம்பை ஏற்றாதே, அந்த வரியை எடு. என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வந்தால் 413 சொல்லித் திருப்பி அனுப்பும். இது மெமரிக் கோளாறு இல்லை, மாற்றக்கூடிய வரம்பு. வரம்பைத் தளர்த்தினால் பெரிய உடலை அதுவும் தற்காலிகக் கோப்பில்தான் எழுதும். அந்தத் தற்காலிக அடைவு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள். ஃபெடோராவிலும், 2025இல் வந்த டெபியன் 13லும் 'டிஎம்பி' அடைவு ரேமிலேயே இருக்கிறது. டிஸ்கில் எழுதுவதாக நினைத்து ரேமை நிரப்பிக்கொண்டிருப்பாய்.

இவ்வளவும் சரியானாலும் 31 ஜிபியை ஒரே வேண்டுகோளில் அனுப்பாதே. முப்பதாவது ஜிபியில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விக்கிமீடியா காமன்ஸைப் பார். தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவில் விட்ட நாட்டுடைமை நூல்களை விக்கிமூலத்துக்காக நம்மவர்கள் ஏற்றியது அங்கேதான். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத் துண்டுகளாகத்தான் அங்கே ஏற்ற முடியும். ஒவ்வொரு துண்டோடும் அது கோப்பின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்ற எண்ணும் போகும். அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பலாம். அமேசானின் எஸ்3 சேமிப்பிலும் (2022 நவம்பரிலிருந்து ஹைதராபாத்திலேயே அதன் தரவு மையப் பகுதி இயங்குகிறது) இதே வழிதான். கடைசித் துண்டைத் தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக் கூடாது, மொத்தம் 10,000 துண்டைத் தாண்டக் கூடாது. துண்டை 16 எம்பி என்று வைத்தால் உன் புத்தகம் இரண்டாயிரத்துக்குள் அடங்கும்.

துண்டு முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வேகத்துக்காக ஒரே நேரத்தில் எட்டுத் துண்டு அனுப்பினால் பஃபரும் எட்டாகும். 64 எம்பித் துண்டு என்றால் 512 எம்பி. அந்தப் பெருக்கலை நீயே முன்கூட்டிப் போட்டு வைத்திருக்க வேண்டும். பாதியில் கைவிட்ட ஏற்றத்தின் துண்டுகள் எஸ்3இல் தானாக அழியாது, கட்டணமும் நிற்காது. சில நாளில் அவை நீங்கும்படி விதி எழுதி வை.

சரிசெய்துவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்? 100 எம்பி, 1 ஜிபி, 10 ஜிபி என மூன்று கோப்பு எடுத்துக்கொள். லினக்ஸில் 'ட்ரங்கேட்' கட்டளை வெற்றுக் கோப்பை நொடியில் செய்து தரும். புரோகிராமை 256 எம்பிக்கு மேல் கிடைக்காத கன்டெய்னரில் ஓட்டு. 137 என்ற எண்ணோடு செத்தால், பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கெர்னல் கொன்றிருக்கிறது. எங்கோ ஓர் அடுக்கு இன்னும் சேர்த்து வைக்கிறது. லாகில் வேண்டுகோளின் உடலைப் பதியும் வரி, கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் படித்து ஹாஷ் எடுக்கும் வரி, மறுமுயற்சி லைப்ரரி என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார். மூன்று ஓட்டத்திலும் உச்ச மெமரி ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்தால் வேலை முடிந்தது; கோப்போடு சேர்ந்து சற்றே ஏறினாலும் முடியவில்லை. இந்தச் சோதனையை ஒவ்வொரு பில்டிலும் தானாக ஓடும்படி வைத்துவிடு; அடுத்து வருகிறவர் தெரியாமல் ஒரு வரி சேர்த்தாலும் அன்றைக்கே பிடிபடும். மூன்று எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்