நெசவாளர் இல்லம்

மக்கட்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். இவற்றுள் உடையை நெய்து பிறர்க்கு அளிப்போரது உறையுள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரைப் பெருவழியை அடுத்துள்ள சின்னாளபட்டி சேலை நெசவால் பெயர் பெற்ற ஊராகும். அங்குள்ள நெசவாளர்க்கு வீடும் தொழிற்சாலையும் வேறல்ல. ஆடவர் தறியில் அமர, பெண்டிர் அடுக்களை வேலைக்கிடையே இராட்டினத்தில் தார் சுற்றுவர். ஆதலின் தறிக்கு இடமில்லாத வீடு அவர்க்குப் பாதி வீடேயாம்.

2011 ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு 300 சதுர அடி வகுத்தது. இவ்வளவிலேயே தறியையும் வாழ்வையும் பொருத்த இயலுமா? இயலும் என்பதே எம் கருத்து. 12 அடி அகலமும் 25 அடி நீளமும் உள்ள நிலத்தைக் கொள்வோம். சுவரையும் உட்படுத்தி, முன்னே 12 அடி நீளம் தறிக்கூடத்திற்கும், நடுவே 7 அடி உறங்கும் அறைக்கும், பின்னே 6 அடி அடுக்களைக்கும் குளியலறைக்கும் அமையும். அடுக்களை பின்னிருப்பதால் தாளிப்பின் புகை நூலை அணுகாது. நூலையும் நெய்த சேலையையும் வைக்க அறையின்மேல் ஒரு பரண் போதும்.

இனி, தறியின் இயல்பை நோக்குவோம். குழித்தறியில் நெய்வோர் கால்களைக் குழியினுள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குவர். மண்ணின் ஈரம் பருத்தி நூல் எளிதில் அறாவண்ணம் காக்கும். எனவே தரையைப் பாவுமுன்னரே குழிக்கு இடம் விடுதல் வேண்டும். மழைநீர் புகாதபடி வாயிற்படியை உயர்த்தலும் வேண்டும். ஒளி முதுகுப்புறம் வீழ்ந்தால் நெய்வோரது நிழலே துணியை மறைக்கும். ஆகவே தெருச்சாளரம் அவர் பக்கவாட்டில் அமையுமாறு தறியை நிறுத்தல் நன்று.

குடும்பம் பெருகின் உறங்கும் அறையை மேல்மாடிக்கு மாற்றலாம், குழித்தறியையோ மாற்றலாகாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மேற்றளத்தில் நெசவாளரைக் குடியேற்றுதல் அவரைத் தொழிலினின்று பிரிப்பதேயாம் என்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமொன்று. பாவினை நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றுதற்கு எவ்வீட்டிலும் இடம் போதாது. அதற்கு நேரிய நீண்ட தெரு வேண்டும். அத்தெருவும் இல்லத்தின் ஓர் அங்கமே. ஊர்திகள் மலிந்த இந்நாளில் வைகறையிலேனும் அதனைத் தறிக்கென ஒழித்துவிடுதல் ஊராரது கடமையாகும்.

வீடு கட்டுவோர் முதலில் கேட்கத்தக்கது, இதில் எத்துணைப் பேர் உறங்குவர் என்பது மட்டுமன்று. இதில் வாழ்வோர் எதனால் உண்பர் என்பதுமாம். இவ்வினாவுக்கு விடை கண்டபின் நூல் பிடித்தால், சிறு நிலமும் சாலும். கேளாது கட்டின், பெருமனையும் பயன்படாது.