வாய் காய்ந்தால் வெற்றிலையா?

"வாய் காயுது, ஒரு வெத்திலையப் போட்டாத்தான் எச்சி ஊறும்." கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பல் காட்ட வரும் உம்மம்மாமார் சொல்வது இதைத்தான். கூட வந்த மகளும் தலையாட்டுகிறார். வீட்டில் பேரப்பிள்ளைதான் பாக்கு இடித்துக் கொடுக்கிறதாம். போதும், நிறுத்துங்கள்.

எச்சில் ஊறுவது உண்மைதான். பாக்கிலுள்ள அரிகொலின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தூண்டும். வெற்றிலை வாய் வறட்சிக்கு மருந்து என்ற பொய் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் அதே பாக்குத்தான் கன்னத்தின் உட்புறத்தை நார்போல இறுக்கி, ஒரு கவளம் சோறு வைக்கவும் வாய் திறக்க முடியாமல் செய்கிறது. "புகையிலை சேர்ப்பதில்லையே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் புகையிலை கலக்காத வெற்றிலைக் கலவையையும், ஏன், வெறும் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேதமாகும். பலருக்கு அதனால் வரும் வறட்சி ஆயுள் முழுக்கப் போகாது. எச்சிலுக்காகப் போட்ட வெற்றிலை எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்!

"வயசு போனால் காயும்தானே" என்பது பாதி உண்மை. சுரப்பு ஓரளவு குறையும். நாக்கு அண்ணத்தில் ஒட்டுமளவுக்குக் காய்ந்தால் வயதைக் குற்றம் சொல்லாமல் கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள். நரம்பு வலிக்குத் தந்த அமிட்ரிப்டிலின், தடிமனுக்கு விழுங்கும் பிரிட்டோன் குளிசை, பிரஷருக்கான நீர்க்குளிசை, கட்டுக்கடங்காத சீனி வருத்தம், இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் அங்கே இருக்கும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நோன்பு காலத்திலும் வேண்டாம். மாற்றவோ குறைக்கவோ முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். எச்சில் சுரக்க பைலோகார்பின் என்ற மருந்தும் உண்டு. ஆஸ்துமாக்காரருக்கும் சில கண் நோயாளிகளுக்கும் அது ஆகாது என்பதால் டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிப்பதில் பயனில்லை, மிடறு மிடறாகக் குடியுங்கள். புளிப்பு டொபி வேண்டாம். எச்சில் குறைந்த வாயில் சீனியும் புளிப்பும் பல்வேரை அரித்துவிடும். சீனியில்லாத சூயிங்கம் மெல்லலாம். மிஸ்வாக் சுன்னத்து, அதை விடாதீர்கள்; ஆனால் காய்ந்த வாய்க்கு புளோரைட் பற்பசையும் கட்டாயம். பல் செட்டை இரவில் கழற்றி வையுங்கள்.

கலியாண வீட்டில் வெற்றிலை வட்டா நீட்டும் வழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும். ஜும்ஆ குத்பாவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நூறு சுவரொட்டியை விடப் பலன் கிடைக்கும். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் இதை நான் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். வெற்றிலை போட்டுப் பழகியவர்கள் வலி இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை பல் டொக்டரிடம் வாயைக் காட்டுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படையோ இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.